சனிக்கிழமை நான் கோயிலுக்குப் போவதாக இல்லை

ராசா,

நீ நன்றாக இருக்க வேண்டும். முருகன் உனக்கும் திவ்யாவுக்கும் என் பேத்திக்கும் ஒரு குறையும் வைக்கக் கூடாது. இதைச் சொல்லிவிட்டுத்தான் சண்டைக்கு வருகிறேன். சாமியை முன்னால் நிறுத்திக்கொண்டால் சண்டை அளவோடு நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாயே, என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "சித்தி, சனிக்கிழமை காலைல கோயிலுக்குப் போய்ட்டு வாங்களேன். நிம்மதியா உக்காந்துட்டு மத்தியானமா வாங்க. கேப் நானே புக் பண்றேன்." அதோடு விட்டிருந்தால் எனக்குப் பாதிச் சந்தேகம்தான் வந்திருக்கும். நீ தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அப்புறம், அன்னிக்கு ஒருத்தர் வந்து பின்னாடி இருக்கற அந்த மரத்த எடுத்துடுவாரு. அது எப்பவோ செத்துடுச்சு சித்தி, நானே பாத்தேன். அந்தத் தூசில நீங்க எதுக்கு" என்றாய். மரத்தை எடுத்துவிடுவாராம். ஸ்டூலை எடுத்து ஓரமாக வைப்பது மாதிரி.

பிறந்ததிலிருந்து ஒரு நாளாவது என்னைக் கோயிலுக்குப் போகச் சொல்லியிருக்கிறாயா நீ? "நேத்துதான போனீங்க, டெய்லி போனா சாமிக்கே போரடிக்கும்" என்று சொல்கிற பிள்ளை நீ. சஷ்டிக்கு விரதம் இருந்தால் ஹோட்டலுக்குக் கூப்பிடுகிறவன். அப்படிப்பட்டவன் திடீரென்று கேப் புக் செய்து கோயிலுக்கு அனுப்புகிறான் என்றால், அது பக்தி இல்லை, வேறு என்னவோ. போனிலேயே கேட்டிருப்பேன். கேட்கத் தொடங்கினால் "சித்தி, மீட்டிங், ஒரு கால் வருது" என்று வைத்துவிடுவாய். எழுதினால் நடுவில் கட் செய்ய முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுசாகப் படி.

உன்னைப் பெற்றவள் என் அக்கா. நீ சரியாக நடக்கப் பழகும் முன்பே அவள் போய்விட்டாள், அன்றைக்கு என் இடுப்பில் ஏறியவன் நீ. என் வயிற்றில் பிறந்த பிள்ளையிடம்கூட எனக்கு இவ்வளவு பார்வை இருந்திருக்காது. அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் உன் முகத்தைப் பார்த்துப் பார்த்து வளர்த்தேன். நீ பொய் சொன்னால் முதலில் உன் குரல் மெத்தென்று ஆகும். ஞாயிற்றுக்கிழமை உன் குரல் வெண்ணெய் மாதிரி இருந்தது.

அதற்கு முன்னாலேயே எனக்குச் சந்தேகம் விழுந்தாகிவிட்டது. பொங்கல் கழிந்து ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தாயே, அன்றைக்கே. "இவன் என் ஃப்ரெண்ட் சித்தி, சும்மா இந்தப் பக்கம் வந்தோம்" என்றாய். ஒயிட்ஃபீல்டிலிருந்து இந்த டிராஃபிக்கில் எவனாவது சும்மா வருவானா? உன் காலேஜ் சிநேகிதர்கள் அத்தனை பேரும் என் கையால் சாப்பிட்டவர்கள். இவனை நான் பார்த்ததே இல்லை. வழவழவென்று ஷூ. அதை வாசலில் கழற்றி ஒழுங்காகச் சேர்த்து வேறு வைத்தான். வீடு பார்க்க வருகிறவர்கள்தான் அப்படி மரியாதையாக நுழைவார்கள்.

அவன் என் முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சமையலறையிலிருந்து காபித் தட்டோடு வருகிறேன், அவன் கண் தரையில். திரும்பிப் போகிறேன், அப்போதும் தரையில். உன் சித்தப்பா பார்த்துப் பார்த்துப் போட்ட மொசைக்குக்கு விலை போடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். கொடுத்த காபியும் ஆறிப்போய் அப்படியே இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டானே, "ஆன்ட்டி, இந்தப் படியெல்லாம் நீங்க டெய்லி ஏறி எறங்குவீங்களா? கோயில் எவ்ளோ தூரம், நடந்தேவா போவீங்க? பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கா?" கடைசியாக ஒன்று கேட்டான்: "தனியாவா இருக்கீங்க?" வீட்டில் காலி செய்ய வேண்டிய ஆள் எத்தனை என்று கணக்குப் பார்க்கிறான் என்று புரிந்துகொண்டேன்.

சித்தப்பா போன பிறகு இந்த வீட்டை உன் பேருக்கு எழுதியது நான்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் இந்த ஹொரமாவுப் பக்கம் ஒரு தெருவில் நான்கு வீடு இருந்தால் மூன்றை இடித்து அபார்ட்மென்ட் கட்டுகிறார்கள். கோடி வீட்டு ராஜம்மாவை மகன் தீபாவளிக்கு வா என்று கூட்டிக்கொண்டு போனான், அவள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது. நான் ஏமாறக் கூடாது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

அதனால் அவனிடம் வீட்டைப் பற்றி என்னென்ன குறை சொல்ல முடியுமோ அத்தனையும் சொன்னேன். நீ போனில் பேச வாசல் பக்கம் போயிருந்தாய், உனக்குத் தெரியாது. "படியா? எங்கப்பா ஏற முடியுது, கை புடிக்க ஒண்ணும் இல்ல, பாதி ஏறறதுக்குள்ள தல சுத்துது" என்றேன். "கோயில் ரொம்ப தூரம்பா, போறதுக்குள்ள உயிரு போயி உயிரு வருது" என்றேன். இரண்டு தெரு தள்ளி இருக்கிற பிள்ளையார், மன்னிக்க வேண்டும். "ஆஸ்பத்திரியா? இந்தத் தெருவுல ஆம்புலன்ஸே நுழையாது." பின்பக்கம் போய்ப் பார்க்கலாமா என்றான். கூட்டிப் போய்க் காட்டினேன். "இங்க தண்ணி நிக்குமா ஆன்ட்டி?" "நிக்குமாவா! முட்டி வரைக்கும் நிக்கும். பாசி புடிச்சு வழுக்கும். இந்த வீட்ல வழுக்கி விழாதவங்களே கெடையாது. நானே எத்தன வாட்டி விழுந்திருக்கேன்னு எனக்கே தெரியாது."

அவன் முகம் அப்படியே வாடிப்போயிற்று. மரத்தை ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்தான். கார் பக்கத்தில் நின்று நீங்கள் இரண்டு பேரும் மெதுவாகப் பேசினீர்கள், நீ என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாய். ஆள் ஓடிவிட்டான் என்று அன்று சாயங்காலம் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

உடைத்த தேங்காய் வீண். ஞாயிற்றுக்கிழமை நீ மரத்தை வெட்டுகிறேன் என்கிறாய். இத்தனை வருஷம் கழித்து மரம் எதற்கு இடைஞ்சல்? இடத்தைக் காலியாகக் காட்ட வேண்டும், அதற்குத்தான்.

அந்த மரத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? வந்தால் சாப்பிடுவாய், சோபாவில் போனைப் பார்ப்பாய், போய்விடுவாய். மரம் எப்போது மொட்டையாக இருக்கிறது, எப்போது பச்சையாக இருக்கிறது என்று உன்னைக் கேட்டால் கூகுளில் தேடுவாய். நான் சொல்கிறேன், கேள்.

நம் பின்பக்கம் ஏரித் தண்ணீர் ஓடிய பள்ளம் என்று உனக்கே தெரியும். ஜீவனஹள்ளியில் ஒற்றை அறையில் இருந்துவிட்டு, சொந்தமாக மண் கிடைத்ததே என்ற சந்தோஷத்தில் வாங்கிய இடம். மழை பெய்தால் வாரக்கணக்கில் தண்ணீர் நிற்கும். முருங்கை வைத்தேன், வேர் அழுகிச் சாய்ந்தது. பப்பாளி வைத்தேன், அதுவும். செம்பருத்திகூடப் பிழைக்கவில்லை. சித்தப்பா லோடு லோடாக மண் அடித்துப் பார்த்தார், அடுத்த மழைக்கு அத்தனையும் உள்வாங்கிக்கொண்டது.

உன் கல்யாணத்துக்கு அடுத்த ஆடியில் திவ்யா ஜன்னலில் நின்று அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரோட்டுப் பெண், அதிகம் பேச மாட்டாள். பேசாத மருமகளைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு, மனசுக்குள் என்ன ஓடுகிறதோ என்று. அவள் சொன்னாள்: "அத்தை, தண்ணிய வெரட்டறத விட்டுட்டு, தண்ணி புடிச்ச மரமாப் பாத்து வெக்கலாமே." நான் வந்து இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றாதது நேற்று வந்தவளுக்குத் தோன்றிவிட்டதா என்று உள்ளுக்குள் எரிச்சல்தான். ஆனாலும் கூடப் போனேன். எங்கே போகிறாள், என்ன வாங்குகிறாள் என்று தெரிய வேண்டாமா?

ஹெண்ணூர் ரோட்டு நர்சரியில் ஒரு கன்று காட்டினான். கறுப்புக் கவருக்குள் குச்சி மாதிரி. இலை மட்டும் இறகை நறுக்கி ஒட்டியது போல மெல்லிசாக, தொட்டால் பூனைக்குட்டியின் காது மாதிரி இருந்தது. சதுப்பில் வளர்கிற சைப்ரஸ், வெளிநாட்டு மரம் என்றான். அவன் வாய் நிறைய வெற்றிலை, பக்கத்தில் லாரி சத்தம். நாங்கள் கன்றை ஆட்டோவில் ஏற்றும்போது பின்னாலேயே வந்து என்னவோ எச்சரிக்கை மாதிரிக் கன்னடத்தில் கத்தினான். எனக்குக் கேட்டது "போலி மரம்மா இது, போலி மரம்!" என்றுதான்.

ஆட்டோவிலேயே ஆரம்பித்துவிட்டேன். "ஏம்மா, விக்கறவனே போலின்னு சொல்றான், இதப் போயி வாங்கறியே?"

"சவுக்கு மாதிரி இருக்கறதால சொல்லியிருப்பாரு அத்தை" என்றாள் அவள். அவளுக்குக் கன்னடமும் தெரியாது, என்னை எதிர்த்துப் பேசவும் தெரியாது.

நடும்போது அவள் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டும். சுவரிலிருந்து தள்ளி, சாக்கடைக் குழாயிலிருந்து தள்ளி, நாள் முழுக்க வெயில் விழுகிற இடமாகப் பார்த்து, இருப்பதிலேயே பள்ளமான இடத்தில் குழி எடுத்தாள். நான் மண்ணைக் கூட்டி மேடாக்கி வை என்றேன். "வேண்டாம் அத்தை, இதுக்குப் பள்ளம்தான் புடிக்கும்" என்றாள். கோடையில் இலை மஞ்சளாகப் போயிற்று. அவள் வாஷிங் மெஷின் தண்ணீரைத் திருப்பி விடுகிறாள் என்று நான் காவல் இருந்தேன். அவளோ நான் ஊற்றும் போர் தண்ணீரை நக்கிப் பார்த்து, உப்பு அதிகம் என்றாள். மாடியிலிருந்து வழியும் மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து ஊற்ற ஆரம்பித்ததும் பச்சை திரும்பியது. அப்போதும் நான் நம்பவில்லை. போலிக்குப் பச்சை எத்தனை நாள் நிற்கும் என்று காத்திருந்தேன்.

மார்கழி வந்தது. மரம் முதலில் செங்கல் நிறத்துக்கு மாறியது, பிறகு துரு மாதிரி, பிறகு ஒரு இலை இல்லாமல் மொத்தமும் உதிர்ந்து குச்சி மட்டும் நின்றது. சாயம் வெளுத்துவிட்டது பார் என்று திவ்யாவிடம் சொன்னேன். இன்னொரு பக்கம், அடுத்த வீட்டு சுசீலம்மா மதில் வழியாக பினாயில் தண்ணீர் ஊற்றியிருப்பாளோ என்ற எண்ணமும் வந்தது. அவளோடு பேச்சை நிறுத்தினேன். கண் பட்டிருந்தால் போகட்டும் என்று அந்தக் குச்சியில் எலுமிச்சை, மிளகாய் கோத்துக் கட்டினேன். "மாசி வரைக்கும் பாக்கலாம் அத்தை" என்று திவ்யா மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலையில் குச்சியெல்லாம் பச்சைப் புள்ளி. நான் "போலி மரம் தழைச்சிடுச்சு, போலி மரம் தழைச்சிடுச்சு" என்று கத்துகிறேன். மதிலுக்கு மேலே சுசீலம்மாவின் தலை. "அக்கா, என்னோட பேசாட்டியும் பரவால்ல, அத மட்டும் தப்பா சொல்லாதீங்க. போலி அல்லக்கா, போளு! போளு மர!" என்று தன் தலையை உச்சியிலிருந்து பிடரி வரை தடவிக் காட்டினாள். "போளு அந்த்ரெ மொட்டை! சளிகாலத்துல, குளிர் வந்தா, எல்லாம் கொட்டி மொட்டையா நிக்கும்னு அவன் சொல்லியிருக்கான்!"

நானும் அவளும் மதிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும். அன்றிலிருந்துதான் அந்த மரத்தின் மேல் எனக்கு மரியாதை. மார்கழியில் முடியை மொத்தமாகக் காணிக்கை கொடுத்துவிட்டு, மாசியில் புதுசாக வாங்கிக்கொள்கிறது. ஒரு வருஷம் தவறியதில்லை. உனக்கு வேலை கிடைத்ததும் திருத்தணியில் உனக்கு மொட்டை போடுவதாக நான் வேண்டிக்கொண்டது இன்னும் அப்படியே இருக்கிறது. "ஆபீஸ்ல சிரிப்பாங்க சித்தி" என்று தள்ளிக்கொண்டே வந்தாய். இப்போது முன்பக்கம் தானாகவே போய்க்கொண்டிருக்கிறது. சாமி தவணை முறையில் எடுத்துக்கொள்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

போன மழைக்கு முந்தின மழையில் இன்னொரு அதிசயம். மரத்தைச் சுற்றி ஈர மண்ணிலிருந்து வழவழவென்று, உச்சி உருண்டையாக, பழுப்பாக என்னவோ கிளம்பியது. முதலில் காளான் என்று நினைத்தேன். தட்டினால் கட்டை மாதிரி இருந்தது. யாராவது எதையாவது புதைத்து வைத்துவிட்டார்களா என்று சுற்றிச் சுற்றித் தோண்டிப் பார்த்தேன், அடி போய்க்கொண்டே இருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சுயம்பு! உடனே மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். சுசீலம்மா மதில் ஏறி வந்து விழுந்து கும்பிட்டாள். இரண்டு வெள்ளிக்கிழமை தெருப் பெண்களெல்லாம் விளக்கோடு வந்தார்கள்.

அதற்குள் நீங்கள் தனியாகக் குடி போயிருந்தீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த திவ்யா பக்கத்தில் குனிந்து தட்டிப் பார்த்தாள். "அத்தை, தப்பா நெனக்காதீங்க. இது மரத்தோட வேர்தான். முட்டின்னு சொல்லுவாங்க."

"முட்டியா?"

"ஆமா, தண்ணி நிக்கற எடத்துல இந்த மரத்துக்கு இப்படி முட்டி மொளைக்கும்."

"எதுக்கு மொளைக்குது?"

"அது யாருக்கும் சரியாத் தெரியலையாம் அத்தை."

"படிச்சவங்களுக்கே தெரியலைன்னா அப்ப அது சாமிதான்" என்று சொல்லிவிட்டு மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனேன். இன்றுவரை பூசுகிறேன். கல்லில் வருகிற சாமி வேரில் வரக் கூடாதா?

இப்போது சொல். இப்படிப்பட்ட மரத்தை, என்னைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு வெட்டப் பார்க்கிறாயே, அந்த ஷூக்காரன் உனக்கு அவ்வளவு முக்கியமா? நான் எழுந்து விளக்கேற்ற வேண்டும். குளிருக்கு முட்டி பிடித்துக்கொள்கிறது, வேறொன்றும் இல்லை. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

ராசா, மேலே இருப்பதெல்லாம் நேற்று எழுதியது. கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், நீயும் படி, உன் சித்தி உன்னை எப்படியெல்லாம் நினைத்தாள் என்று தெரிந்துகொள்.

காலையில் சுசீலம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன், சனிக்கிழமை நீ என்னோடு மரத்தடியில் வந்து உட்கார வேண்டும், யார் ரம்பத்தோடு வருகிறான் பார்க்கலாம் என்றேன். அவள் துணியை உதறிக்கொண்டே இருந்தாள். உதறியதையே உதறினாள். எனக்குத் தெரியாதா? "ஏய், என்னடி மறைக்கற?" என்றேன்.

"அக்கா, நீங்க மார்கழில விழுந்தீங்கல்ல, அத நான் உங்க மகனுக்குச் சொல்லிட்டேன்."

ஆமாம், விழுந்தேன். விடியலில் மரத்தடியில் விளக்கு வைக்கப் போனேன். உதிர்ந்த இலை மெத்தை மாதிரி கிடந்தது, அதற்கடியில் புதிதாகக் கிளம்பிய ஒரு சின்ன முட்டி, நான் இன்னும் மஞ்சள் பூசாதது. கால் இடறி என் முட்டி நேராக அதன் மேல். மரத்தின் முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. சுசீலம்மாதான் கைத்தாங்கலாக உள்ளே கூட்டி வந்து எண்ணெய் தேய்த்தாள். உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று முருகன் மேல் சத்தியம் வாங்கியிருந்தேன். நேற்று எழுதிய குளிர், பிடிப்பு எல்லாம் பொய். போட்டுக்கொடுத்த சுசீலம்மாவை அடிக்காமல் விட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

"சத்தியம் பண்ணியேடி!" என்றேன்.

"உங்க முருகன் மேலதானக்கா பண்ணேன்? நான் கும்பிடறது மஞ்சுநாதன" என்றாள். இவளோடு நான் என்ன செய்வது?

உடனே திவ்யாவுக்குப் போன் போட்டேன். உன்னிடம் கேட்டால் வெண்ணெய்க் குரலில் பேசுவாய். அவளுக்குப் பொய் வராது, மௌனம்தான் வரும். "அந்த ஷூ போட்டவன் யாரும்மா? உண்மையச் சொல்லு" என்றேன். அங்கே ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "எலும்பு டாக்டர், அத்தை" என்றாள்.

நான் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று தெரிந்து, டாக்டரை வீட்டுக்கே கூட்டி வந்து என் நடையைக் காட்டியிருக்கிறாய். அவன் மொசைக்கைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்திருக்கிறான். வீட்டை விற்கவிடக் கூடாது என்று நான் அவிழ்த்துவிட்டதையெல்லாம் அந்தப் பிள்ளை என் உடம்பின் கணக்காக எழுதிக்கொண்டு போயிருக்கிறான். படி ஏற முடியவில்லை, தலை சுற்றுகிறது, இரண்டு தெரு நடந்தால் மூச்சு வாங்குகிறது, எண்ணிக்கை தெரியாமல் விழுகிறார்கள். "அன்னிக்கு ராத்திரி அவரு சாப்பிடவே இல்ல அத்தை" என்றாள் திவ்யா. மரத்தை வெட்டிவிட்டு, பிறகு மெதுவாகப் பேசி என்னை உங்களோடு கூட்டிப் போய்விட வேண்டும் என்று நீ முடிவு செய்ததாகவும் சொன்னாள். மரத்துக்கு அந்தத் தண்டனையை வாங்கிக் கொடுத்தது என் வாய்தான். இது தெரியாமல் தேங்காய் வேறு உடைத்திருக்கிறேன்.

போனை வைத்துவிட்டு முற்றத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். ஜீவனஹள்ளியில் நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம் ஞாபகம் வந்தது. கொளுத்தும் வெயிலில் ஒரு வாரம் நீ பேன்ட்டைக் கழற்றவே இல்லை. டிங்ச்சர் வாசனை அடித்ததும் பிடித்து உட்கார வைத்துச் சுருட்டிப் பார்த்தால், முட்டி முழுக்கக் காயம். ஏண்டா சொல்லவில்லை என்று அடித்தேன். "சொன்னா நீங்க பயப்படுவீங்க சித்தி" என்றாய். நீ மறைத்தாய், நான் இப்போது மறைத்தேன், டாக்டரை சிநேகிதன் என்று சொல்லி நீ மறுபடியும் மறைத்தாய். இந்த வீட்டில் முட்டியை வெளியில் காட்டுகிறது அந்த மரம் ஒன்றுதான். அதைத்தான் நீ வெட்டப் பார்க்கிறாய்.

உன் மேல் சந்தேகம் முழுசாகப் போய்விட்டது என்று நினைக்காதே. திவ்யா பேச்சுவாக்கில் "அந்த ரூமுக்கு கர்ட்டன் மாட்டியாச்சு" என்று சொல்லிவிட்டாள். எந்த ரூம், யாருக்குக் கர்ட்டன்? லிஃப்டில் இறங்கி, கேட்டில் கையெழுத்துப் போட்டு, ஆட்டோ பிடித்துப் போய்க் கும்பிடுகிற சாமியிடம் எனக்கு என்ன பேச்சு வரும்? உனக்கு என் மேல் பிரியம் இருக்கிறது, தெரிகிறது. ஆனால் பிரியம் வைத்தவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எதிரி வாசல் வழியாகத்தான் வருவான். நீங்கள் கேப் புக் செய்து அனுப்பிவிட்டு வேலையை முடித்துவிடுவீர்கள். உன் மகளிடமும் நாளைக்கு நீ இப்படிச் செய்யாதே. எதுவாக இருந்தாலும் அவள் எதிரில் நின்று செய். அவள் கத்தினால் கத்தட்டும்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன், இதை அந்த டாக்டரிடம் சொல். படி ஏறுகிறேன், கை பிடிக்காமல். கோயிலுக்கு நடக்கிறேன், வழியில் இரண்டு பேரிடம் நின்று பேசிக்கொண்டே. விழுந்தது ஒரே முறை. ஆனால் கீழே உட்கார்ந்து எழுந்தால் இடது முட்டி வலிக்கிறது, படிக்கட்டில் இறங்கும்போது ஊசி குத்துகிறது. அதையும் மறைக்கவில்லை. அந்தப் பிள்ளையைத் திரும்பக் கூட்டி வா, காட்டுகிறேன். இந்த முறை காபியைக் குடிக்கச் சொல்.

சனிக்கிழமை ஆளை அனுப்பு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ரம்பம் வேண்டாம், செங்கல்லோடு வரட்டும். முட்டிகளைச் சுற்றி ஒதுங்கி ஒரு நடைபாதை போட்டுத் தரட்டும், பின்படிக்கு ஒரு கைப்பிடி வைக்கட்டும். சுசீலம்மாவை விட்டு உதிர்ந்த இலையெல்லாம் வாரி மரத்தடியிலேயே குவிக்கச் சொல்லிவிட்டேன். புதுசாகக் கிளம்பிய முட்டி ஒன்று விடாமல் இன்றைக்கு மஞ்சள் பூசியாயிற்று. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிகிறது. கண் இருக்கிறவள் இனி இடற மாட்டாள்.

இதெல்லாம் போதாது, மரம் செத்துவிட்டது என்று நீ பிடிவாதம் பிடித்தால் ஒரு பந்தயம் வைத்துக்கொள்ளலாம். மாசி முடியட்டும். அதற்குள் மரம் துளிர்க்கவில்லை என்றால் நானே வெட்டச் சொல்கிறேன், மூட்டையைக் கட்டிக்கொண்டு அந்தக் கர்ட்டன் ரூமுக்கு வருகிறேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். துளிர்த்தால் மரமும் இங்கே, நானும் இங்கே. நீ வாரம் ஒரு முறை வந்து எங்கள் இரண்டு பேர் முட்டியையும் பார்த்துவிட்டுப் போ.

இப்படியே முடித்து அனுப்பியிருந்தால் நீ உடனே சரி என்றிருப்பாய். ஆனால் முருகன் பேரைச் சொல்லி ஆரம்பித்த கடிதத்தில் பிள்ளையை ஏமாற்றக் கூடாது. இன்று மஞ்சள் பூசக் குனிந்தபோது, தாழ்ந்த கிளையின் நுனியில் கடுகளவு பச்சை தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன், சுசீலம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். பச்சைதான். பந்தயம் வைக்கும் முன்பே நீ தோற்றுவிட்டாய்.

சனிக்கிழமை ஆளோடு நீயும் வா. அது மொட்டையாக நின்றுகொண்டே துளிர்ப்பதைப் பார். சாப்பிட்டுவிட்டு நாம் நேராகத் திருத்தணிக்குப் போகிறோம், உன் காரிலேயே, நானும் திவ்யாவும் பேத்தியும். திரும்பி வரும்போது வெயில் தலையில் உறைக்கும், தொப்பி ஒன்று எடுத்துக்கொள்.

உன் சித்தி